பெரிய மேளத்தில் எழுதிய நம்பர்

அருப்புக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்தைத் தாண்டிச் சந்தைக்குள் போய்விட்டது என்றால், முன்னால் வாசித்துக்கொண்டு போனது ஜெயமணி பேண்டு செட் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். மொத்தம் நாலு பேர். கிளாரினெட் வாசிக்கும் சவரியப்பன்தான் மாஸ்டர். டிரம்பெட்டுக்கு இன்னாசி, ஜால்ராவுக்கு மொட்டையசாமி, பெரிய மேளத்துக்கு மாடக்கண்ணு. எதைச் செய்தாலும் நாலு பேரும் சரிசமமாகச் செய்ய வேண்டும் என்பது செட்டின் சட்டம். ஒருவருக்குப் பல்வலி வந்தால்கூட நாலு பேரும் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவார்கள்.

நாலு பேருக்கும் ஒரே செல்போன். அதன் நம்பர் பெரிய மேளத்தில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். பிழைப்பே அதில்தான் ஓடியது. சிக்னல் சரியில்லை என்று தை மாதம் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றினார்கள். பழைய கம்பெனி விட்டால்தானே? வைகாசியிலும் பில் அனுப்பியது. கட்டாவிட்டால் நம்பரை முடக்கிவிடுவோம் என்று மிரட்டலும் வந்தது. நல்ல முகூர்த்த மாதம். நம்பர் போனால் நாலு பேருக்கும் சரிசமமாகப் பட்டினிதான்.

செல்போன் கடைப் பெண்ணிடம் போய் நின்றார்கள்.

"பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விவரத்தைச் சொல்லுங்கண்ணே. புகார் நம்பர்னு ஒண்ணு குடுப்பாங்க. அதைத் தொலைச்சிராதீங்க. யாரு எப்பக் கேட்டாலும் காட்டுற மாதிரி வச்சுக்கங்க" என்றாள் அவள்.

போட்டார்கள். "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்றது போன். மாஸ்டர் அழுத்தினார்.

மொட்டையசாமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நாங்க என்ன இங்கிலீஷ்காரனா?"

நியாயம்தானே. மற்ற மூவரும் ஆளுக்கொரு ஒன்றை அழுத்தினார்கள். இரண்டாவது ஒன்று காலர் ட்யூன் பக்கம் போனது. மூன்றாவது ஒன்று பாட்டைத் தேர்ந்தெடுத்தது. நான்காவது ஒன்று சம்மதம் சொன்னது. பில்லில் இன்னும் நாற்பது ரூபாய் ஏறியது.

"மூணு பேரு விட்டுக்குடுத்தாத்தான் ஆகும்" என்றார் மாஸ்டர்.

"எந்த மூணு பேரு?" என்றான் இன்னாசி.

கடைசியில் மாடக்கண்ணுதான் வழி கண்டுபிடித்தான். மறுபடி போன் போட்டு, பந்தக்கால் ஊன்றுவது போல நாலு கையையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே தடவை அழுத்தினார்கள்.

"உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது போன்.

"யோவ், ரெக்கார்டிங்காம்யா!" என்று துள்ளினார் மாஸ்டர். இத்தனை வருஷத்தில் இவர்கள் வாசித்ததை நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. பதிவு செய்ய ஒருவரும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு பெண் "வணக்கம்" சொல்வதற்குள் நாலு பேரும் வாத்தியத்தை எடுத்துப் பிளந்து கட்டினார்கள்.

பல்லவி முடிந்ததும் மாஸ்டர் போனை எடுத்தார். "அம்மா, நாங்க விட்டுட்டுப் போன பிறகும் நீங்க ஏன் பில் போடுறீங்க? யோசிச்சு வைங்க, சரணம் இருக்கு."

"வேண்டாம் சார்! பில்லைக் கேன்சல் பண்ணிட்டேன் சார்! நம்பரை யாரும் முடக்க மாட்டாங்க! புகார் நம்பரை எழுதிக்கங்க சார்!" என்று அலறினாள் அந்தப் பெண்.

நம்பர் பிழைத்தது. இனிப் புகார் நம்பரை வைக்க இடம் வேண்டும். யார் கேட்டாலும் காட்டுகிற இடம் இவர்களுக்குத் தெரிந்து ஒன்றுதான். ஆனால் அது ரயில் போல நீளமான நம்பர்; மேளத்தில் இடம் போதவில்லை. பழைய நம்பரைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள்.

ஆனி பிறந்தும் ஒரு ஆர்டர் வரவில்லை. ஒருநாள் பெண்ணைப் பெற்ற ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏய்யா, மேளத்துல இருக்குற நம்பருக்கு ரெண்டு நாளா அடிக்கேன், போகவே மாட்டேங்குது!"

"அது புகார் நம்பருங்க. ஆர்டருக்கெல்லாம் அதுல போடக் கூடாது" என்றார் மாஸ்டர், பொறுமையாக.

"எனக்குப் புகாரே உங்க மேலதான்யா!"

மாஸ்டர் மற்ற மூவரையும் பார்த்தார். நாலு பேரும் சரிசமமாகத் தலையாட்டினார்கள்.

"அப்பச் சரியான நம்பருக்குத்தான் அடிச்சிருக்கீங்க" என்றார். "விடாம அடிங்க."