முதல் பக்கத்துக்கு வந்த தோசைக்கல்

விடை தெரிந்தவர்கள் கடைசி வரை வாயைத் திறக்கக் கூடாது. தெரியாதவர்கள் தாராளமாகத் திறக்கலாம். சம்மதமென்றால் கதைக்குப் போவோம்.

கோயம்புத்தூர் கணபதியில் ஜெகதாமணி என்றொருத்தி வார்ப்பிரும்புத் தோசைக்கல் விற்றுவந்தாள். கல் அருமையான கல். கடையோ இணையத்தில் மட்டும். யாராவது 'தோசைக்கல்' என்று தேடினால், ஊரிலுள்ள கடையெல்லாம் வந்து, தேடியவர் சலித்துப்போய் எழுந்த பிறகுதான் இவள் கடை தலைகாட்டும்.

கல் அடுக்கிய கிடங்கு அவள் கணவனின் அண்ணன் நாச்சிமுத்துவுடையது. அவர் ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: "அம்மணி, தீபாவளியன்னிக்கு நானே போன்ல தேடிப் பாக்கறன். மொதப் பக்கத்துல உன்ற கடை வந்தா கிடங்கு உனக்கு. இல்லீன்னா எம்பட மோட்டார் சாமானை எறக்கிருவன்."

கிடங்கு போனால் கடை போகும். அவளே ஆசைப்பட்டு ஆரம்பித்த கடை அது.

அவளுக்கு மூன்று அஃபிலியேட்டுகள் இருந்தார்கள். அதாவது, தங்கள் பக்கத்தில் அவள் கல்லைப் பற்றிப் பேசி ஓர் இணைப்பு கொடுப்பார்கள்; அதைத் தட்டி வந்து யாராவது வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். மூவருக்கும் ஜெகதா அறிவித்தாள்: "தீபாவளிக்குள்ள நம்ம கடையை மொதப் பக்கத்துக்குக் கொண்டு வர்றவங்களுக்குக் கடையில பங்கு தர்றனுங்க."

முதலாமவர் நாகர்கோவில் செல்வின். தோசை சுட்டு வீடியோ போடுகிறவர். அவர் தோசையைத் திருப்பிப் போடும் அழகுக்கே கல் விற்றது. மற்ற இருவரும் சேர்ந்து விற்றதைவிட அவர் விற்றது அதிகம். யோக்கியமானவர் என்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் 'இது கமிஷனுக்கானது' என்று அடையாளம் போட்டுவைத்தார். ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்தால் தேடுபொறி அதைச் சிபாரிசாக எண்ணும்; ஆனால் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் சிபாரிசை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. விற்பனை ஏறியது, கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாமவர் சென்னை வைத்தீஸ்வரன். இணைப்புகளை மொத்தமாக விற்கும் ஓரிடத்தை அவர் பிடித்தார். ஜாதகத் தளம், லாரி டயர் தளம், தலைமுடித் தைலத் தளம் எல்லாம் திடீரென்று ஜெகதாவின் தோசைக்கல்லைக் கொண்டாடின. ஆடியில் கடை முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஜெகதா தெருவுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாள். அந்த இனிப்பு தீர்வதற்குள், இதெல்லாம் காசுக்கு வந்த சிபாரிசு என்று தேடுபொறிக்குப் புரிந்துவிட்டது. பிறகு கடையின் பெயரையே போட்டுத் தேடினாலும் கடை கிடைக்கவில்லை. ஜெகதா அழுதேவிட்டாள். அந்தத் தளங்களிடமெல்லாம் கெஞ்சி இணைப்புகளை எடுக்க வைத்தவளும் அவள்தான். அதன் பிறகுதான் கடை பழைய இடத்திலாவது மறுபடி தலைகாட்டியது.

மூன்றாமவள் அதிராம்பட்டினம் சபீனா. சமையல் பக்கம் நடத்துகிறவள். விற்பனையில் கடைசி. ஆனால் கல் வாங்கிய பெண்கள் தங்கள் கஷ்டத்தையெல்லாம் அவளிடம்தான் கொட்டினார்கள். ஒருத்தி பழக்கி வைத்த கல்லை, மருமகளுக்கு உதவுவதாக நினைத்து மாமியார் சோப்பும் கம்பி நாரும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். அன்றிலிருந்து தோசை எழும்பவில்லை. இப்படி வந்த கேள்வி ஒவ்வொன்றையும் சபீனா ஜெகதாவுக்கு அனுப்பினாள். "அக்கா, நான் சொன்னா தப்பாயிடும். நீங்களே உங்க தளத்துல எழுதிடுங்க."

ஜெகதா எழுதினாள். எவ்வளவு எண்ணெய், பாதி வெங்காயத்தால் எப்படித் தேய்ப்பது, அடுப்பை எப்போது குறைப்பது என்று படத்தோடு எழுதினாள். கல்லைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துக்குத் தங்கள் தளங்களில் தாங்களாகவே இணைப்பு கொடுத்தார்கள். யாருக்கும் யாரும் கமிஷன் தரவில்லை.

தீபாவளியும் வந்தது. எண்ணெய்க் குளியல் முடித்து நாச்சிமுத்து போனும் கையுமாக உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "தோசை ஒட்டுதுன்னு போட்டுப் பாருங்க. காத்தால இருந்து அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கறன்."

போட்டார். முதலில் வந்தது ஜெகதாவின் கடை. வெறும் 'தோசைக்கல்' என்றும் போட்டார். அதற்கும் முதல் பக்கத்தில் இருந்தது. நாச்சிமுத்து சற்று நேரம் படித்துவிட்டு, ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு தானே அடுப்படிக்குப் போனார். கிடங்கு தப்பித்தது.

அன்று மதியமே வழக்கு ஆரம்பமானது. "கடை கீழ கிடந்தப்போ விற்பனை நடத்திக் காப்பாத்துனது நான்தானே?" என்றார் செல்வின். "தீபாவளிக்குள்ள முதல் பக்கம்னுதான் பேச்சு. முதல்ல கொண்டு வந்தது நான். அங்கேயே இருக்கணும்னு யாரும் சொல்லலையே," என்றார் வைத்தீஸ்வரன். சபீனா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், பதிலையெல்லாம் எழுதியது ஜெகதாதானே என்று மற்ற இருவரும் மடக்கியிருப்பார்கள்.

இப்போது வாயைத் திறக்கலாம். கடையில் பங்கு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: சபீனாவுக்கு. செல்வினின் உழைப்புக்குக் கல்லுக்குக் கல் கமிஷன் போய்விட்டது; பங்கு விற்பனைக்காகச் சொன்னதல்ல. வைத்தீஸ்வரன் எதைக் கொண்டு கடையை ஏற்றினாரோ, அதுவேதான் அதைப் பாதாளத்தில் தள்ளியது. வாக்கே கிடங்கைக் காப்பதற்குத்தான், அவர் வழியில் கிடங்கு போயிருக்கும். பதில் எழுதியவள் ஜெகதாதான். ஆனால் கல்லைப் பளபளவென்று தேய்க்கும் மாமியார்கள் இருக்கிறார்கள் என்பதே சபீனா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னதற்குச் சபீனாவுக்கு ஒரு கமிஷனும் கிடையாது. பங்கு உனக்குத்தான் என்று ஜெகதா போனில் சொன்னபோது சபீனா சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அக்கா, ஒருத்தங்க கல்லுல ராத்திரி முழுக்கப் புளிக்கரைசலை ஊத்தி வச்சிட்டாங்களாம். என்ன சொல்லட்டும்?"