எஸ்கிரோல் மறந்த கொட்டைகள்

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது. நம் ஊர்க் காடு அல்ல, குழந்தைகளே! கடல் தாண்டி, கட்டலான் மொழி பேசும் நாட்டுக் காடு. அங்கே அணிலுக்கு எஸ்கிரோல் என்று பெயர். தன் வால் நிழலில் தானே உட்காருகிற பிராணி என்று கிரேக்கர்கள் என்றோ வைத்த பெயர், உருமாறி அங்கே போய்ச் சேர்ந்ததாம். எவ்வளவு அழகான பெயர்! அதை அணில் கெடுத்துக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

பக்கத்துக் காட்டில் கரடிக்கு ஒரு பெரிய குகை. முள்ளெலியும் காட்டுப்பன்றியும் கொட்டைகளைப் பொறுக்கி வந்து அதை நிரப்பும். கூலியாகக் கிடைப்பதோ வெறும் சொத்தைக் கொட்டைகள்.

"குளிர்காலம் வருகிறது. சொத்தையைத் தின்று எங்கள் குட்டிகள் பிழைக்குமா? நல்ல கொட்டை கொடுத்தால்தான் வேலை" என்று சொல்லி, இரண்டும் குகை வாசலில் உட்கார்ந்துவிட்டன.

கரடி அசரவில்லை. எஸ்கிரோலுக்கு ஆள் அனுப்பியது.

"அவர்கள் வேலையை நீ செய். ஒரு கூடை நல்ல கொட்டை தருகிறேன்."

எஸ்கிரோலுக்கு வாயில் நீர் ஊறியது.

"எங்கள் வயிற்றில் அடிக்காதே, தங்கச்சி" என்று கெஞ்சியது முள்ளெலி.

"உங்கள் சண்டை உங்களோடு. எனக்கென்ன?" என்று துள்ளி ஓடியது எஸ்கிரோல்.

வேலை மும்முரமாக நடந்தது. மரத்தடியில் ஒரு கொட்டைகூட மிச்சமில்லை. கரடி ஆசையோடு குகைக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒன்றுமே இல்லை!

"கொட்டையெல்லாம் எங்கே?"

"பத்திரமாகப் புதைத்துவிட்டேன். எங்கள் குலவழக்கம் அதுதானே?"

"எந்த இடத்தில்?"

எஸ்கிரோல் தலையைச் சொறிந்தது. "அதுதான்... மறந்துபோயிற்று."

கரடி உறுமிக்கொண்டு கையை ஓங்கியது. சட்டென்று முள்ளெலி முட்களைச் சிலிர்த்தபடி நடுவில் வந்து நின்றது. எஸ்கிரோல் அதன் பின்னால் ஒடுங்கிக்கொண்டது.

"இவளை அடித்தால் கொட்டை வந்துவிடுமா? மோப்பம் பிடித்துத் தோண்ட எங்களால் முடியும். ஆனால் நல்ல கொட்டையில் பாதி எங்களுக்கு. அதில் இவளுக்கும் பங்கு உண்டு."

"இவளுக்குமா?" என்று முறைத்தது பன்றி.

"இவளுக்கும் குளிரும் அல்லவா?"

வெறும் குகையோடு குளிர்காலத்தைக் கழிப்பதை நினைத்ததும் கரடி சம்மதித்தது.

எஸ்கிரோல் தேம்பி அழுதது. "அக்கா, உங்களுக்குத் துரோகம் செய்தேன். நீங்களோ என் உயிரைக் காப்பாற்றினீர்கள். இதை ஒருநாளும் மறக்கமாட்டேன்."

"நீயா மறக்கமாட்டாய்?" என்று சிரித்தது பன்றி.

மற்றவர்கள் வேலையை நிறுத்தியிருக்கும்போது நடுவில் நுழைந்து வேலை செய்பவரை நாம் கருங்காலி என்போம். அந்த நாட்டிலோ எஸ்கிரோல் என்றே திட்டுகிறார்கள்.

மறு வருடம் கரடி பழையபடி சொத்தையை நீட்டியது. வேலை நின்றது. "இரண்டு கூடை தருகிறேன், வா!" என்று எஸ்கிரோலை அழைத்தது.

எஸ்கிரோல் உடனே ஓடி வந்தது. கூடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் முள்ளெலியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

நீதி: பிறர் வயிற்றில் அடித்துப் பிழைக்காதே, நீ தவறியபோதும் உன்னைக் காத்தவரை மறவாதே.