அவளுக்குக் கிடைக்கக் கூடாது

தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. மாத்திரை போட்டால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஆசிரமத்துக்கு வந்துவிட்டார்.

ஏழு வருடமாக அவர் அங்கே சீடர். குரு அவரைவிட வயதில் மிகவும் சின்னவர். அதை மட்டும் தணிகாசலம் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் பாயில் உட்காரச் சொன்னார்.

"எங்க கம்பெனியில நாற்பதாயிரம் பேர், சாமி. அத்தனை பேர்ல ஒருத்தியை மட்டும் எனக்குக் கண்டாலே ஆகாது."

"யாரு?"

"மெர்லின். நான் இன்டர்வியூ பண்ணி எடுத்த பொண்ணு. இப்போ எனக்குச் சமமா உட்கார்ந்திருக்கா. சென்னை ஆபீஸுக்கே அவளைத் தலைமையாப் போடலாமான்னு பேச்சு. நாளைக்குக் காலையில பெங்களூர்லேருந்து எம்.டி. கூப்பிடுவார். 'நீங்கதான் சீனியர். நீங்க சொல்றதை வச்சுத்தான் முடிவு'ன்னுட்டார்."

"அவங்களுக்கு இல்லைன்னா உங்களுக்கு வருமா?"

"எனக்கு எங்கே வரும்? என்னைத் தாண்டிப் போயாச்சு. வெளியிலேருந்து யாரை வேணும்னாலும் கொண்டுவந்து போடட்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. போன வாரம் கேண்டீனில் அவள் யாருடனோ சிரித்துப் பேசியது காதில் விழுந்து, தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர் அவர்.

"அவங்ககிட்ட என்ன குறை?" என்றார் குரு.

"எல்லாம் நடிப்பு, சாமி."

காது கொடுக்க ஆள் கிடைத்ததும் தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேலை சொதப்பினா, மேலிடத்து ஆளுங்க முன்னாடி 'தப்பு என்னோடது'ம்பா. நல்லா முடிஞ்சா, செஞ்ச பசங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுவா. நல்ல பேர் வாங்கற வழி. யாருக்காவது ப்ரமோஷன்னு மெயில் வந்தா நாங்கெல்லாம் 'வாழ்த்துக்கள்'னு ஒரு வரி தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவ எழுந்து அவங்க சீட்டுக்கே போவா. போய் ஒரு மணி நேரம் பேசிட்டு வருவா."

"அப்புறம்?"

"போன வருஷம் ஆட்குறைப்பு பண்ணாங்க. நாங்க பேரை மட்டும் எச்.ஆருக்கு அனுப்பிட்டு ஒதுங்கிட்டோம். மகராசி இவ, வேலை போறவங்களை ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டுத் தானே சொன்னா. சாயங்காலம் கார் பார்க்கிங்ல, வண்டிக்குள்ள உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதா."

"அழுததை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலை. அவளுக்கே தெரியாது. நான்தான் தூணுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

குரு ஒரு முற்றின தண்டை ஒதுக்கிப் போட்டார்.

"சரி. போன வருஷம் நீங்க என்ன வேலை பண்ணீங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். மீட்டிங் என்றார். ரிப்போர்ட் என்றார். அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

"போகட்டும். இங்கே ஏழு வருஷமா வர்றீங்க. நான் எதுக்கு அழுவேன்னு தெரியுமா?"

தணிகாசலம் விழித்தார். குரு அழுவார் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

"எனக்கே அந்த மெர்லின் மேல பொறாமையா இருக்கு" என்றார் குரு. "அவங்களுக்கு வாய்ச்ச மாதிரி எனக்கு ஒரு சீடன் வாய்க்கலை."

தணிகாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது. பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார். குரு கீரையை அலசி வைத்தார்.

"நாளைக்கு எம்.டி. கேட்டா நான் என்ன சொல்லட்டும், சாமி?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. ஒண்ணும் விடாம. நீங்க எங்கே நின்னுட்டிருந்தீங்கங்கறதையும் சேர்த்து."