பொதியை விட்டு அகலாத விகடன்

முன்னொரு காலத்தில், பஞ்சுக்குப் பேர்போன ஒரு நாட்டை ஒரு மன்னர் ஆண்டு வந்தார். அவருடைய விகடன் பெயர் கூத்தபிரான். அவன் பேச்சைக் கேட்காவிட்டால் மன்னருக்குச் சோறு இறங்காது. அதுவே அவனுக்கு வினையாயிற்று. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி செங்கமலம் பெண் குழந்தை பெற்றுப் பல மாதங்கள் ஆகியும், பிள்ளை முகத்தைப் பார்க்க அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார் மன்னர்.

ஒருநாள் கடல்கடந்து வந்த வணிகன் ஒருவன், "தங்கள் நாட்டுப் பஞ்சிழை குட்டை, அரசே. நூற்றால் அறுந்து போகிறது" என்று சொல்லிவிட்டான். மன்னருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு பொதியைப் பிரித்து ஒவ்வோர் இழையாக அளந்து காட்டுவோம்! யார் அளப்பது?"

கூத்தபிரான்மீது நெடுநாளாய்ப் பொறாமை கொண்டிருந்த பண்டகசாலை அதிகாரி விசயராயர் எழுந்தார். "கூத்தபிரானைவிடக் கூரிய கண் யாருக்கு உண்டு, அரசே? ஆனால் அவருக்கு ஊர் நினைப்பு அதிகம். அளந்து முடிக்கும்வரை பொதியை விட்டு ஓர் அடிகூட அகலக்கூடாது என்று ஆணையிடுங்கள்."

"அப்படியே ஆணை!" என்றார் மன்னர்.

காற்றுப் புகாத ஓர் அறையில் அவனை உட்கார வைத்தார்கள். கருங்கல் பலகையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இடுக்கியால் ஓர் இழையை அதில் வைத்து, ஊசியால் நீவி நேராக்கி, பக்கத்தில் தந்தக்கோலை வைத்து அளக்க வேண்டும். பலமாக மூச்சு விட்டால் இழை பறந்துவிடும். பகலெல்லாம் அளந்தாலும் ஒரு சிட்டிகைப் பஞ்சு குறையாது.

மெல்லிய இழைகளை நீவும்போதெல்லாம் அவனுக்கு இன்னும் பார்க்காத குழந்தையின் தலைமுடி பற்றிய நினைப்பே வந்தது. எவ்வளவு வளர்ந்திருக்கும்? சுருட்டையாக இருக்குமா? நினைத்துக்கொண்டே இருந்தவன் கண்ணிலிருந்து ஒரு துளி கல்லில் விழுந்தது. நீவி வைத்த இழை மிதந்து போயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாசல் காவலனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, ராசா என்ன சொன்னாரு?"

"பொதிய விட்டு அகலக் கூடாதுன்னாரு."

"அறைய விட்டு?"

"அதப்பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"அப்ப ஒரு மாட்டுவண்டி கொண்டாங்க!"

பொதியை வண்டியில் ஏற்றி, அதன்மேல் தானும் ஏறிக்கொண்டு, மாமியார் ஊருக்கு வண்டியை விடச் சொன்னான்.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்த செங்கமலம், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். குழந்தையை நீட்டினாள். முடி சுருட்டைதான். அவன் விரலால் நீவி நீவிப் பார்த்தான்.

ஆணையை மீறிவிட்டான் என்று விசயராயர் கோள் மூட்ட, மன்னர் குதிரையேறி அவரோடு அந்த ஊருக்கே வந்துவிட்டார். முற்றத்தில் பொதிமேல் உட்கார்ந்திருந்தான் கூத்தபிரான். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அகலாதே என்றேனே!"

"அகலவில்லையே, அரசே. படுப்பதும் இதன்மேல்தான். சந்தேகமென்றால், எனக்கும் பொதிக்கும் எவ்வளவு தூரம் என்று விசயராயர் தந்தக்கோலால் அளந்து பார்க்கட்டும்."

மன்னர் வெடித்துச் சிரித்தார். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

"யாருய்யா அது? பிள்ளைய இப்பத்தான் தூங்க வெச்சேன்!" என்று உள்ளிருந்து அதட்டினாள் செங்கமலம்.

மன்னர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கிசுகிசுத்தார்: "கூத்தபிரான், இந்த ஊர் இனி உனக்கு மானியம். குழந்தை நடக்கத் தொடங்கியதும் மூவரும் பல்லக்கில் வாருங்கள். மிச்சப் பஞ்சை விசயராயர் அளப்பார்."

ஊர் எல்லை தாண்டும்வரை மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டே போனார். தாண்டியதும் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டுவிட்டது.