ஆடுகளுக்கும் மறக்கடித்தவள்

அந்தக் காலத்தில் ஆடு நியாயம் கேட்கும், செடி பதில் சொல்லும். அப்போது ஆடாதொடைக்கு அந்தப் பெயர் கிடையாது, இனிப்புத்தழை என்பார்கள். மாவிலை போல நீண்ட இலை, வாயில் போட்டால் வெல்லம். கொழுந்து தலைகாட்டினால் போதும், ஆடுகள் வந்து மொட்டையடித்துவிடும். முற்றிய இலையை யாரும் கண்டதில்லை.

ஒச்சாயி ஆடு வளர்ப்பவள். மகள் பேச்சி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். இன்னுமா பால் கொடுக்கிறாய் என்று மாமியார் குத்திக் குத்திக் காட்டவே, பால் மறக்கடிக்க மார்பில் பூசலாமென்று ஒச்சாயி வேப்பிலையை விழுதாக அரைத்து வைத்திருந்தாள். அன்றைக்கென்று பிள்ளைக்கு இருமல் கண்டது. நெஞ்சு கர்கர் என்று இழுத்தது. அந்த நிலையில் பாலை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. பிள்ளை பிழைக்குமா என்று பயந்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்தாள்.

வேலியோரம் நின்ற இனிப்புத்தழை அவளைக் கூப்பிட்டது.

"தாயி, அந்தச் சளியை அறுக்க என் சாற்றால் முடியும். ஆனால் இலை முற்ற வேண்டும். உன் ஆடுகள் விட்டால்தானே?"

ஒச்சாயி முள் வெட்டிச் சுற்றிலும் அடைத்தாள். தலையாடு அதைத் தாண்டி உள்ளே குதித்தது. கம்பை எடுத்து ஓங்கியவளிடம் அது நிதானமாகவே பேசியது.

"அடித்து என்ன ஆகப்போகிறது ஆத்தா? இனிக்கிறவரை வருவோம். சந்தேகமிருந்தால் உன் மகளைப் பார்."

இடுப்பிலிருந்த பேச்சி, இருமிக்கொண்டே தாயின் முந்தானையை விலக்கிக்கொண்டிருந்தாள்.

ஒச்சாயிக்குப் பளிச்சென்று பட்டது. ஓடிப்போய் வேப்ப விழுதை எடுத்து வந்து, பூசட்டுமா என்று செடியைக் கேட்டாள்.

"கசந்துபோனால் என்னை யார் தேடுவார்கள்?"

"நான் தேடுவேன். எனக்குப் பிறகு பிள்ளை பெறுகிறவர்கள் எல்லாரும் தேடுவார்கள்."

செடி சம்மதித்தது. பிறகு இலைகளில் இருந்த இனிப்பையெல்லாம் வழித்தெடுத்து, பூவின் தொண்டைக்குள் ஒளித்துக்கொண்டது. ஒச்சாயி ஓர் இலை விடாமல் பூசினாள்.

தலையாடு ஒரு வாய் கடித்தது, துப்பியது, தும்மியது. ஆத்தா நமக்கும் மறக்கடித்துவிட்டாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மந்தையைக் கருவேலமரத்துப் பக்கம் ஓட்டிப்போனது. மழை பெய்து விழுது கரைந்தது. கசப்போ வேர்வரை இறங்கிவிட்டது.

இலை முற்றுகிறவரை தாய்ப்பால்தான் பேச்சியைத் தாங்கியது. பிறகு இலையை வேகவைத்துச் சாறு எடுத்தால், அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தப் பூவில் குடித்த தேனீக்களிடமே தேன் கேட்டு வாங்கிக் குழைத்துக் கொடுத்தாள் ஒச்சாயி. இழுப்பு மெல்ல அடங்கியது. விழுதெல்லாம் செடிக்குப் போய்விட்டதால், மாமியார் முணுமுணுக்க முணுமுணுக்கப் பேச்சி இன்னும் கொஞ்ச காலம் பால் குடித்தாள்.

கேள்விப்பட்ட பெண்கள் குச்சி ஒடித்துப்போய் அவரவர் வேலியில் ஊன்றினார்கள். முள் அடைக்கத் தேவையே இருக்கவில்லை. ஆடு தொடாத இலை, ஆடாதொடை ஆனது.

ஒச்சாயி பூசிய அன்று முதல்தான் அதன் இலை கசக்கிறது. வெள்ளைப் பூ மட்டும் பால் கேட்கும் பிள்ளையின் வாயைப் போலத் திறந்தே இருக்கிறது, அடியை உறிஞ்சினால் இனிக்கிறது.