ஒரு வெயிலு, ரெண்டு வாக்கு

காதைக் குடுத்துக் கேளுங்க. இந்தக் கதையில தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்கதான். நடுவுல கொட்டாவி விட்டா வழக்கு தள்ளுபடி.

தூத்துக்குடிக்குத் தெக்க நண்டுத்துறைன்னு ஒரு கடற்கரை ஊரு. அங்க மீனுக்குப் பஞ்சமில்ல, ஐஸுக்குத்தான் பஞ்சம். டவுன்ல இருந்து டீசல் வண்டியில வரும். பாதி ரோட்டுக்கு, மீதி மீனுக்கு. யாவாரி மீனைத் தூக்குவான், மோந்து பாப்பான், மூக்கைச் சுருக்குவான். "ம்ம்ம்ஹூம்... நேத்தைய சரக்குல்லா இது?" முடிஞ்சது சோலி.

அதனால மீனவர் சங்கத்துல சோலார் ஐஸ் பிளாண்ட் போட முடிவு பண்ணுனாங்க. வெயிலு கரண்டாகும், கரண்டு ஐஸாகும். கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்ல? ஆனா பேனல் நிறுத்த எடம் வேணுமே. ஊருல தோதான எடம் ஒண்ணே ஒண்ணு, மாதா கோயிலுக்குப் பின்னால இருக்குற மணல் தரை. அங்கதான் இஞ்ஞாசியம்மா கருவாடு காயப்போடுவா. புருசன் மஸ்கட்டுக்குப் போனவன் போனவன்தான். ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்கும் சோறு, படிப்பு எல்லாம் அந்த மணல்ல காயுற நெத்திலிதான்.

சங்கத் தலைவி ஜெனோபா நேராப் போயி கேட்டா. "யக்கா, மேக்குப் பாதிய பேனலுக்குக் குடு. கெழக்குப் பாதி ஒனக்குத்தான்."

"மண்ண எடுத்துக்க தாயி. என் வெயில்ல மட்டும் கை வச்சிராத."

"ஒன் வெயிலு ஒனக்கு. இது வாக்கு."

ஊரு முன்னால சொல்லிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே அதே வாயால படகுக்காரங்ககிட்டயும் ஒரு வாக்கு குடுத்தா: "ஐஸு தடையில்லாம வரும்."

பேனல் நின்னுச்சு. ஐஸும் வந்துச்சு. படகுக்காரன் செலஸ்டின், மீசை வச்ச பெரிய ஆளு, மொதக் கட்டியத் தூக்கிக் கன்னத்துல வச்சு "ஸ்ஸ்ஸ்ஸ் ஹா!"ன்னு பச்சப்பிள்ளை கணக்கா சிரிச்சான்.

ஆனா மத்தியானம் சாய்ஞ்சதும் பேனலோட நிழலு மெல்ல கெழக்க நீண்டு, கருவாட்டு மேல ஒய்யாரமாப் படுத்துக்கிச்சு. காயவேண்டிய நெத்திலி காயல. நாறுச்சு.

இஞ்ஞாசியம்மா இடுப்புல கை வச்சு நின்னா. என் வெயிலு எங்கல போச்சு? அண்ணாந்து பாத்தா. அட, கண்ணாடி மேல பளபளன்னு உக்காந்திருக்கு!

ஏணிய எடுத்தா. ஏறுனா. நெத்திலிய பேனல் மேலயே பரப்பிட்டா.

கருவாடுன்னா அதுதான் கருவாடு! மணல் நறநறப்பே இல்ல. வாங்குனவங்க அடுத்த நாளும் வந்து நின்னாங்க. அந்தப் பக்கம் கரண்டு கொறைஞ்சு, ஐஸ் கட்டி வெளியில கல்லு, உள்ள கஞ்சி. செலஸ்டின் கத்துன கத்துல பிளாண்ட் மெக்கானிக் கனகராசு ஓடி வந்து ஏறிப் பாத்தான். பல்லடத்துப் பையன், கோவத்துலயும் மரியாதை கொறையாது.

"ஏனுங்க்கா... இது பேனலுங்க்கா. தோசைக்கல்லு இல்லீங்க்கா."

"நல்லா சூடேறுதுல்லா? பெறகென்ன?"

செலஸ்டின் பாய்ஞ்சான். "ஏ யக்கா, ஒன் நெத்திலி காய எங்க சீலா மீனு அழுகணுமா?"

"ஒன் சீலா குளிர எம் பிள்ளைக பட்டினி கெடக்கணுமோ? வெயிலு எனக்குன்னு வாக்கு குடுத்தது யாரு? நானா?"

சங்கம் கூடுச்சு. பேனலைப் பிடுங்குன்னா இஞ்ஞாசியம்மா. அவளை ஊருக்கு வெளிய உப்போடைப் பக்கம் அனுப்புன்னான் செலஸ்டின். ஒருநா கருவாடு, ஒருநா ஐஸுன்னு மாத்தி மாத்தி வச்சுக்கிடலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு. "சரி, அப்ப மீன்கிட்டயும் ஒருநா விட்டு ஒருநா வரச் சொல்லும்!"னு பின்னால இருந்து ஒரு குரலு.

கனகராசு கையத் தூக்குனான். "ஒண்ணு சொல்லட்டுங்களா? அக்கா மீனு போடாத நாள்லயும் உச்சிவெயில்ல கரண்டு கொஞ்சம் சொணங்குதுங்க. ரொம்ப சூடானா பேனலுக்கு ஆகாதுங்க. கடக்காத்து அடிச்சாத்தான் தெளியுது."

"வெயிலப் பாத்து மயங்குற சோலாரா? நல்லா பாத்து வாங்குனீங்கடே!"ன்னான் செலஸ்டின். ஊரே சிரிச்சுது.

"பேனலுக்கு அடியில அனலு அப்படிங்க. ஈரத்துண்ட அங்க தொங்கவிட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா, அப்பளமா வெறச்சு நிக்குதுங்க."

அதை ஒருத்தரும் காதுல வாங்கல. ஜெனோபா மட்டும் தலையில கை வச்சு உக்காந்திருந்தா. ஐஸு நின்னா படகெல்லாம் பழையபடி யாவாரி மூக்குக்கு அடிமை. கருவாடு நின்னா ரெண்டு பிள்ளைக படிப்பு போச்சு.

இப்ப நீங்க சொல்லுங்க. இருக்குறது ஒரே வெயிலு, குடுத்தது ரெண்டு வாக்கு. ஜெனோபா எந்த வாக்கைக் காப்பாத்தணும்? வெயிலு யாருக்குச் சொந்தம்?

யோசிங்க. நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

...ஆச்சா?

ரெண்டு வாக்கையும் காப்பாத்தலாம். வெயிலுன்னு நாம ஒரே வார்த்தையாச் சொல்லிடுறோம், அதுக்குள்ள வெளிச்சமும் இருக்கு, சூடும் இருக்கு. ஐஸுக்கு வேணும்கிறது வெளிச்சம். சூடு அதுக்கு எதிரி. கருவாட்டுக்கு வேணும்கிறது சூடும் காத்தும்; நிழலு விழுந்து குளுந்த மணல்ல அது ரெண்டும் இல்லாமத்தான் நெத்திலி நாறுச்சு. வெளிச்சம் இல்லன்னு எந்த நெத்திலியும் அழல. அதனால ஜெனோபா பேனலையெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல தூக்கி, நாலு பக்கமும் காத்து பூந்து போகவிட்டு, அடியில பேனலோட அனலு படுற மாதிரி வலைப் பந்தல் போட்டு நெத்திலியக் காயவச்சா. மேல பேனலு கொஞ்சம் குளிர்ந்துச்சு, கீழ கருவாடு காய்ஞ்சுச்சு. அடுத்த வாரமே செலஸ்டின் ஒரு கூடையோட வந்து நின்னான். "யக்கா, விக்காத மீனு கொஞ்சம் கெடக்கு. ஒன் பந்தல்ல எடம் இருக்குமா?" இஞ்ஞாசியம்மா திரும்பிக்கூடப் பாக்கல. "வாடகை உண்டு. ஒரு கட்டி ஐஸு கொண்டாந்து போடு. பிள்ளைக சர்பத்து கேக்குதுக."