கண்ணில் ஒற்றிய கீபோர்டு

திருவேங்கடம் சார்தான் எங்கள் சர்வர் அறைக்கு ராஜா. பத்து ஃபோல்டர் தாண்டி ஒளிந்திருக்கும் இடத்துக்கும் டெர்மினலில் முழு வழியையும் பிசகாமல் தட்டுவார். ஒவ்வொரு தடவையும் முதலில் கீபோர்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்ன பக்தி என்று நாங்கள் வாயைப் பிளப்போம்.

ஒப்பந்த வேலைக்கு வந்த பூங்கோதை அந்த மாதிரிப் பன்னிரண்டு இடங்களுக்கும் சின்னப் பெயர் வைத்து புக்மார்க் போட்டிருந்தாள். இரண்டெழுத்து தட்டினால் போதும், போய் நிற்பாள். சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆயுத பூஜையன்று சார் வருவதற்குள் கீபோர்டுகளையெல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தவளும் அவள்தான். வந்ததும் சார், பூஜைக்கு வந்திருந்த எங்கள் கம்பெனி எம்.டி. அம்மா முன்னாலேயே கத்தினார்: “புக்மார்க்கையெல்லாம் அழி! பன்னிரண்டு ஃபோல்டருக்கும் என்னை மாதிரி போய்க் காட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

பூங்கோதை ஒன்றுவிடாமல் அழித்தாள். “உங்களை மாதிரியேதானே சார்? அப்ப உங்க கீபோர்டைக் குடுங்க.”

சார் முகம் வெளுத்தது. “அதை யாரும் தொடக் கூடாது!”

“நல்ல நாள்ல என்ன சார் இது” என்று எம்.டி. அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

பூங்கோதை கண்ணில் ஒற்றினாள், தட்டினாள், போனாள். மறுபடி ஒற்றினாள், தட்டினாள், போனாள். பன்னிரண்டும் முடிந்தது.

“அவ்வளவு ராசியா? குடும்மா, நானும் கும்பிட்டுக்கறேன்” என்று எம்.டி. அம்மா கீபோர்டை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். இறக்கவேயில்லை. அடிப்பக்கம் ஒட்டிய தாளில், சாரின் கையெழுத்தில், பன்னிரண்டு வழிகள்.

“என் புக்மார்க்கை நான் அழிச்சிட்டேன்” என்றாள் பூங்கோதை. “சார், நீங்க?”